மச்சான் என்னும் சொல்: ‘பூ’ திரைப்படத்தில் மீளும் காதலும் உறவுமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

மணமான பின்னரும் பழைய காதலை விடமுடியாத மனநிலை உலகத் திரைப்படங்களில் மீண்டும் மீண்டும் கையாளப்படும் பொருளாகும். பிரெஞ்சுத் திரைப்பட மரபில் இப்பொருள் பெரும்பாலும் தனிமனித உளவியலின் சிக்கலாகவே வடிவம் பெறுகிறது. சிவகாசி வட்டாரத்தைக் களமாகக் கொண்ட ‘பூ’ (2008) திரைப்படமும் அதன் மூலமான ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையும் இதே பொருளைக் கையாள்கின்றன. எனினும் அங்குக் காதலின் பிடிவாதம் உறவுமுறைச் சொல்லிலிருந்து பிறக்கிறது. மாரியின் காதலைத் தியாகம் என்றோ, ஒருதலைக் காமம் என்றோ பெயரிட்டு முடிப்பது பொருந்தாது என்பதையும், அக்காதலின் அமைப்பை உறவுமுறை, பாலை மரபு, ஆலைத் தொழில் ஆகிய மூன்றன் வழியே விளக்கவேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்

முறைப்பெண், மறுதரவு, பாலை, பெருந்திணை, கைக்கிளை, கரிசல், பட்டாசு ஆலை, த்ரூஃபோ.

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் குறித்த கல்விப்புல ஆய்வுகள் அண்மைக்காலத்தில் பெருகிவருகின்றன. அவற்றுள் கணிசமானவை திணைக் கோட்பாட்டைப் பயன்படுத்துகின்றன. ஒரு படத்தின் நிலம் வறண்டிருந்தால் பாலை என்றும், காதல் ஒருபக்கமாக இருந்தால் கைக்கிளை என்றும் பெயரிடுவதோடு அவ்வாய்வுகள் பல நின்றுவிடுகின்றன. பெயரிடுதல் ஆய்வின் தொடக்கமே. பெயர் பொருந்தாத இடத்தில்தான் படைப்பு புதிதாக என்ன செய்திருக்கிறது என்பது புலப்படும். அவ்வாறு பெயர் பொருந்தாமல் நிற்கும் ஒரு பாத்திரமே ‘பூ’ படத்தின் மாரி. அவளது நிலையைத் தெளிவாக்க, இதே பொருளைக் கையாண்ட ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தை ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்கிறது இக்கட்டுரை. எது உயர்ந்தது என்று காட்டுவது இவ்வொப்பீட்டின் நோக்கமன்று. ஒரே உணர்ச்சி இருவேறு சமூக அமைப்புகளில் எவ்வாறு வெவ்வேறு வழிகளில் செல்கிறது என்பதை விளக்குவதே நோக்கம்.

சிறுகதையும் திரைப்படமும்

விருதுநகர் மாவட்டத்து நென்மேனி மேட்டுப்பட்டியைச் சேர்ந்தவர் ச. தமிழ்ச்செல்வன். கி. ராஜநாராயணனுக்குப் பின் கரிசல் நிலத்து வாழ்வைச் சிறுகதையில் பதிவுசெய்தோருள் குறிப்பிடத்தக்கவர். அவருடைய ‘வெயிலோடு போய்’ அளவிற் சிறிய கதை. மணமாகிச் சென்ற மாரியம்மாள், தன் முறைமாப்பிள்ளையான தங்கராசுவைப் பார்ப்பதற்காகக் கடும்வெயிலில் தாய்வீட்டிற்கு வருகிறாள். அவன் வாழ்க்கை இருக்கும் நிலையை அறிகிறாள், அழுகிறாள். கதை இவ்வளவே.

இதனை இயக்குநர் சசி ‘பூ’ என்னும் பெயரில் 2008 நவம்பரில் திரைப்படமாக வெளியிட்டார். எஸ். எஸ். குமரன் இசையமைத்தார், பி. ஜி. முத்தையா ஒளிப்பதிவு செய்தார். மாரியாக நடித்த பார்வதிக்கு இதுவே முதல் தமிழ்ப்படம். அந்நடிப்பிற்காகத் தமிழ்ச் சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் விருதை அவர் பெற்றார். தங்கராசுவாக ஸ்ரீகாந்தும், மாரியின் கணவனாக இனிகோ பிரபாகரனும் நடித்துள்ளனர்.

சிறுகதை ஒருநாள் நிகழ்வை மட்டும் கொள்ள, திரைப்படம் அந்நாளைச் சட்டமாக வைத்துக்கொண்டு மாரியின் இளமைக்காலத்தைப் பின்னோக்கில் விரிக்கிறது. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் பெண்ணாக அவள் காட்டப்படுகிறாள். தங்கராசு நகரத்தில் பொறியியல் படிக்கிறான். வண்டியோட்டிப் பிழைக்கும் அவன் தந்தைக்கோ மகனின் படிப்பு ஒன்றே வாழ்நாள் கனவு. முடிவில் வசதிமிக்க வீட்டுச் சம்பந்தம் தங்கராசுவுக்கு அமைகிறது. மாரி வேறொருவருக்கு மனைவியாகிறாள். கணவன் அன்பானவன். அவள் இல்லறத்தில் குறையேதுமில்லை. குறையேதும் இல்லாதிருந்தும் அவள் மனம் தங்கராசுவை விடவில்லை என்பதே படத்தின் மையம்.

த்ரூஃபோவின் படத்தில் பெயரற்ற உறவு

ஃபிரான்சுவா த்ரூஃபோ இயக்கி 1981இல் வெளிவந்த ‘லா ஃபாம் தா கோத்தே’ என்னும் படத்தின் தலைப்பை ‘அடுத்த வீட்டுப் பெண்’ எனத் தமிழாக்கலாம். 1960இல் வெளிவந்த தமிழ் நகைச்சுவைப் படத்திற்கும் இதற்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. கிரெனோபிள் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் மனைவி, மகனுடன் அமைதியாக வாழ்கிறான் பெர்னார். எதிர்வீட்டிற்குப் புதிதாகக் குடிவரும் தம்பதியருள் மனைவியான மத்தில்து, பல ஆண்டுகளுக்கு முன் அவன் காதலித்துப் பிரிந்த பெண். ழெரார் தெபார்தியூவும் ஃபனி ஆர்தானும் இவ்விருவராக நடித்துள்ளனர்.

அறிமுகப்படுத்தப்படும்போது இருவரும் முன்பின் அறியாதவர்போல் கைகுலுக்கிக்கொள்கின்றனர். தத்தம் துணையிடம் பழைய உறவைச் சொல்வதில்லை. மீளும் காதலின் முதற்செயலே மறைத்தல்தான். பல்பொருள் அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் பெர்னார் முத்தமிட மத்தில்து மயங்கி விழுகிறாள். பின்னர் மறைவான சந்திப்புகள், தோட்ட விருந்தில் பலர்முன் பெர்னாரின் வெறிச்செயல், மத்தில்துவின் மனமுறிவு, மருத்துவமனை எனக் கதை நகர்கிறது. முடிவில் ஆளற்ற வீட்டில் நள்ளிரவில் அவனைக் கூடிய மத்தில்து அவனைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொள்கிறாள்.

இக்கதையை நமக்குச் சொல்பவர் டென்னிஸ் மன்றம் நடத்தும் திருமதி ழூவ். இளமையில் காதலின் பொருட்டுச் சாளரத்திலிருந்து குதித்துக் கால் ஊனமுற்றவர் அவர். பழைய காதலர் தம்மைப் பார்க்க வருகிறார் என்றறிந்ததும் ஊரைவிட்டே சென்றுவிடுகிறார். சந்தித்து அழிந்தவள் மத்தில்து. சந்திக்க மறுத்துப் பிழைத்தவர் திருமதி ழூவ். இவ்விரு வழிகளை மட்டுமே படம் காட்டுகிறது. பழைய காதலனை நேர்கொண்டு பார்த்து, நலம் கேட்டு, வீடு திரும்பும் மூன்றாம் வழி அவ்வுலகில் இல்லை. ஏனெனில் பிரிந்த காதலர் இருவர் ஊரறியப் பேசிக்கொள்வதற்குரிய உறவுப்பெயர் அங்கு இல்லை.

முறை: சொல்லில் உறைந்த உரிமை

மாரிக்கு அப்பெயர் இருக்கிறது. தங்கராசு அவளுக்கு முறைமாப்பிள்ளை. தென்மாவட்ட வழக்கில் பெண்ணொருத்தி தன் முறைமாப்பிள்ளையை மச்சான் என்பாள். சில குடும்பங்களில் அத்தான் என்றோ மாமா என்றோ வழங்கும். மணமான பின் கணவனை அழைப்பதும் பெரும்பாலும் இச்சொற்களாலேயே. உறவைக் குறிக்கும் சொல்லே மணவுரிமையையும் குறிக்கிறது.

இவ்வமைப்பைக் கோட்பாடாக விளக்கியவர் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன். 1940களின் இறுதியில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கிக் களஆய்வு செய்த அவர், திராவிட உறவுமுறைச் சொற்கள் மண உறவின் வெளிப்பாடு என்று 1953இல் வாதிட்டார். மண உறவு ஒரு தலைமுறையில் தோன்றி மறையும் நிகழ்ச்சியன்று. அது தலைமுறை தலைமுறையாகப் பரம்பரைச் சொத்துப்போல் வந்துசேர்வது என்பது அவர் கருத்தின் சாரம். பங்காளி, மாமன் மச்சான் என்று உறவினர் இரண்டாகப் பிரிக்கப்படுவதன் பொருளும் இதுவே.

இந்நோக்கில் மாரியின் காதலைப் பார்த்தால் அது தனிமனித மனத்தின் விபரீதமாகத் தோன்றாது. வகுப்பறையில் ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையிடமும் என்னவாகப் போகிறாய் என்று கேட்கும் காட்சி படத்தில் உண்டு. தங்கராசுவின் மனைவியாகப் போவதாகச் சிறுமி மாரி விடை கூறுகிறாள். பார்வையாளர் சிரிக்கும் இடம் இது. ஆனால் அவ்விடையில் பிழை எதுவுமில்லை. பேசத் தொடங்கியபோதே ஊரும் உறவும் அவளுக்குக் கற்பித்த சொல்லின் பொருளைத்தான் அவள் திரும்பச் சொல்கிறாள். காதல் அவளிடம் தோன்றவில்லை, ஒப்படைக்கப்பட்டது எனலாம்.

ஒப்படைத்ததைப் பின்னர் சமூகமே திரும்பப் பெறுகிறது. இந்திய மாநிலங்களுள் உறவுத் திருமணம் மிகுந்தவற்றுள் தமிழ்நாடு ஒன்றாக இருப்பினும், கல்வி, நகர்வாழ்வு, மருத்துவ அறிவுரை ஆகியவற்றால் முறை என்பதன் கட்டாயம் தளர்ந்துள்ளது. தளர்வு நல்லதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் கட்டாயம் தளர்ந்த அளவிற்குச் சொல் தளரவில்லை. தங்கராசு வேறொருத்தியை மணந்த பிறகும் மாரிக்கு முறையால் மச்சானே. உறவுமுறை இலக்கணப்படி, மச்சானை மணந்துவரும் பெண் இவளுக்கு அக்காள் அல்லது தங்கை முறையாவாள். தனக்குரிய இடத்தில் வந்தமர்ந்தவளை உடன்பிறந்தாளாக அழைக்கச் செய்யும் முறை இது. மறக்கவேண்டிய ஒன்றை ஒவ்வொரு அழைப்பிலும் நினைவூட்டும் மொழியில்தான் மாரி வாழ்கிறாள்.

இதனாலேயே அவளுக்கு மறைத்தல் தேவைப்படவில்லை. ஊர்த் திருவிழாவிற்கு மச்சான் வருகிறார், பார்க்கப்போகிறேன் என்று அவள் வெளிப்படையாகக் கிளம்பலாம். த்ரூஃபோவின் படத்தில் பெயரின்மை காதலரைக் கொல்கிறது. ‘பூ’ படத்திலோ பெயர் காதலை மூடவும் செய்கிறது. அணையாமல் காக்கவும் செய்கிறது.

வெயிலில் நடத்தல்: பாலை மரபின் திருப்பம்

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மழை குறைந்த விருதுநகர் வட்டாரத்தைப் பாலை எனக் குறிப்பது எளிது. ஆனால் இக்கதையில் பாலை நிலத்தளவில் மட்டும் இல்லை. நடையின் திசையிலும் இருக்கிறது.

அகப்பாடல்களின் உடன்போக்குத் துறையில் தலைவி தலைவனுடன் சுரம் கடந்து செல்கிறாள். வெயில் தாங்காத மகளின் மெல்லடிகளை எண்ணித் தாய் புலம்புகிறாள். உடன்போய தலைவி தலைவனோடு மீண்டுவருதலும் அகமரபில் உண்டு. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப்பகுதி ‘மறுதரவுப் பத்து’ என்பதோடு நிறைவுறுகிறது. போதலும் மீளலும் அங்கே இருவருடையன.

தமிழ்ச்செல்வனின் கதை இம்மரபைத் திருப்பிவைக்கிறது. இங்கும் வெயில் உண்டு, வெயிலில் வரும் மகளைக் கண்டு திகைக்கும் தாய் உண்டு. ஆனால் மகள் தனியே வருகிறாள். தாயை நீங்கிக் காதலனுடன் செல்லவில்லை. காதலனைக் காணத் தாய்வீட்டிற்கு வருகிறாள். இவ்வாறு வருதலுக்கு அகமரபில் துறைப்பெயர் இல்லை. கணவனுக்காகக் காத்திருக்கும் முல்லைத் தலைவியும் இவளல்லள். பரத்தையிற் பிரிந்தவனோடு ஊடும் மருதத் தலைவியும் இவளல்லள். பிறன் மனைவியாகி, பிறள் கணவனைக் கண்டு மகிழ்ந்து திரும்ப விழையும் பெண்ணுக்கு மரபு ஓர் இடம் ஒதுக்கவில்லை. அவ்வெற்றிடத்தையே கதையின் தலைப்பு வெயில் என்று சுட்டுகிறது எனக் கொள்ளலாம்.

இதே வட்டாரத்தைச் சேர்ந்த வசந்தபாலன் இயக்கிய ‘வெயில்’ (2006) படத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு துலங்கும். தந்தையின் தண்டனைக்கு ஆளாகிச் சிறுவயதில் ஓடிய முருகேசன், ஆண்டுகள் பல கழித்து ஊர் திரும்புகிறான். அவனைப் புரிந்துகொள்பவள் பழைய தோழி பாண்டியம்மாள். அங்கே மீள்பவன் ஆண், வரவேற்பவள் பெண். காத்திருத்தலின் பழைய வடிவம் மாறவில்லை. ‘பூ’ படத்தில் பெண்ணே நடக்கிறாள்.

ஆலையும் கூலியும்

இந்நடையைச் சாத்தியமாக்கிய சமூகப் பின்னணியையும் கருதவேண்டும். சிவகாசியின் பி. அய்யநாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்தபோது இத்தொழிலும், அதனையடுத்து வளர்ந்த பட்டாசு, அச்சுத் தொழில்களும் மக்களுக்குப் பிழைப்பாயின. மழையின்மை வேளாண்மைக்குக் கேடு. மருந்தும் குச்சியும் உலர்வதற்கோ அதுவே வாய்ப்பு. இவ்வட்டாரத்தின் ஊர்களில் ஆலையை ‘ஆபீஸ்’ என்றே வழங்குவர். விடியுமுன் வந்துநிற்கும் ஆலை வண்டியில் ஏறி ஆபீசுக்குப் போய்வரும் பெண்கள் இந்நிலத்தின் அன்றாடக் காட்சி.

‘பூ’ படம் ஆலையைச் சுரண்டலின் களமாக மட்டும் காட்டவில்லை. பெண்கள் பேசிச் சிரிக்கும் இடமாகவும் காட்டுகிறது. வீட்டில் சொல்லமுடியாத விருப்பத்தை மாரி சொல்வதற்குத் தோழி ஒருத்தி அங்கிருக்கிறாள். அகமரபுத் தோழியின் இடத்தை ஆலைத்தோழி ஏற்கிறாள். கையில் கூலி வரும் பெண்ணுக்குத் தன் விருப்பத்தைப் பற்றிப் பேசும் துணிவும் வருகிறது.

ஆனால் அக்கூலிக்கு ஓர் எல்லை உண்டு. தமிழ்நாட்டில் 1980களின் நடுப்பகுதி முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. வண்டியோட்டியின் மகனும் பொறியாளனாகலாம் என்ற நம்பிக்கை சிற்றூர்களை எட்டியது. அந்நம்பிக்கைக்கு விலையும் இருந்தது. படிப்பிற்குக் கைகொடுத்தவர், படித்தவனை மருமகனாகக் கேட்கும்போது மறுப்பது எளிதன்று. பட்டாசு ஆலைக் கூலி அவ்விலையோடு போட்டியிட முடியாது. ஆகவே மாரி இழந்தது ஒரு காதலனை மட்டுமன்று. முறை என்னும் பழைய உரிமைக்கும் பட்டம் என்னும் புதிய மதிப்பிற்கும் நடந்த பேரத்தில் அவள் தோற்றாள்; அப்பேரத்தில் அவளைக் கேட்டவரும் இல்லை.

பெயரிடும் சிக்கல்

மாரியின் காதலைக் கைக்கிளை எனலாமா? ஒருபக்கத்து வேட்கை என்ற அளவில் அப்பெயர் ஓரளவு பொருந்தும். எனினும் தொல்காப்பியம் கைக்கிளையை ஆணின் கூற்றாகவே அமைக்கிறது. காமஞ்சாலா இளையோளிடம் ஆண் தானே சொல்லி இன்புறுதல் அது. பெருந்திணை எனலாமா? மடலேறுதல், இளமை கழிந்தபின் எழும் வேட்கை, தேற்றமுடியாத அளவு மிகும் காமம், வரம்பு மீறிய வன்மை என நால்வகையாக அது விளக்கப்படுகிறது. இறுதி இரண்டும் மத்தில்துவுக்கும் பெர்னாருக்கும் மிகப் பொருந்துவன. மாரி வரம்பு எதனையும் மீறவில்லை. அவள் கேட்பது தங்கராசுவை அன்று, தங்கராசுவின் நலத்தை.

மூன்றாவதாக, பொதுவழக்கில் ‘தியாகம்’ என்னும் சொல் கையாளப்படுகிறது. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) தொடங்கித் தமிழ்ப்படங்களில் பழைய காதலைக் கையாளும் முறை தியாகமே என்பது உண்மை. ‘96’ (2018) படத்தின் அடக்கமும் அம்மரபின் தொடர்ச்சியே. ஆனால் தியாகம் என்பது கொடுப்பவர் தாமே தெரிந்து கொடுப்பது. மாரியிடமிருந்து பறிக்கப்பட்டதைப் பின்னர் அவளே கொடுத்ததாக மனத்தில் மாற்றியமைத்துக்கொள்கிறாள். மச்சான் படித்தவர், அவர் நன்றாயிருக்கவேண்டும், அதற்காகவே இது நிகழ்ந்தது என்னும் நம்பிக்கையே அவளது இல்லறத்தைத் தாங்கும் தூண். தியாகம் என்ற சொல் அவளது நிலையை விளக்கவில்லை. தன் நிலையைத் தாங்கிக்கொள்ள அவள் கட்டிக்கொண்ட விளக்கத்தையே அது திரும்பச் சொல்கிறது. ஆய்வாளர் அதனை அப்படியே ஏற்பது, பறித்தவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகும்.

அழுகையின் பொருள்

இவ்விளக்கத்தின் வழியேதான் இறுதி அழுகையின் பொருள் புலப்படும். தங்கராசுவின் இல்லறம் இனிதாக இல்லை என்பதை மாரி நேரில் காண்கிறாள். அவன் மகிழ்ந்திருந்தால் அவள் சிரித்தபடி ஊர் திரும்பியிருப்பாள். அவன் கிடைக்காதபோது தாங்கியவள், அவன் துன்புறுவதைக் கண்டபோது தாங்கவில்லை. மேலோட்டமாக நோக்கின் இது அன்பின் மிகுதி. ஆழ்ந்து நோக்கின் கணக்கின் முறிவு. தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது யாருக்கும் பயன்படவில்லை என்பதே அவள் அறிந்த செய்தி. அதுவரை நஷ்டத்திற்கு ஒரு பொருள் இருந்தது. அன்று அப்பொருள் போயிற்று.

த்ரூஃபோவின் காதலர்க்கு அருகாமையே அழிவு. மாரிக்கோ தொலைவு காத்துவைத்திருந்த ஒன்றை ஒருநாட் காட்சி உடைக்கிறது. அங்கே துப்பாக்கி பேசுகிறது. இங்கே ஒருத்தி வாய்விட்டு அழுகிறாள். ஆனால் அவள் இறப்பதில்லை. மறுநாள் கணவன் வீடு திரும்பவேண்டும், உலை வைக்கவேண்டும். பிரெஞ்சுப் படம் முடியும் இடத்தைத் தாண்டியும் வாழவேண்டியிருப்பதே மாரியின் துயரம்.

முடிவுரை

மீளும் காதல் எல்லாச் சமூகத்திலும் உண்டு. அது பிடிவாதமாக மாறும் வழி சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுகிறது. உறவுக்குப் பெயரில்லாத இடத்தில் அது மறைவையும் வன்முறையையும் நாடுகிறது. உறவுமுறைச் சொல்லே காதலை ஒப்படைத்த இடத்தில் அது வெளிச்சத்தில், எவரும் குற்றம் காணாதபடி, ஆயுள் முழுவதும் எரிகிறது. ‘வெயிலோடு போய்’ கதையும் ‘பூ’ படமும் இரண்டாம் வழியைக் காட்டும் அரிய சான்றுகள். உடன்போக்கு, மறுதரவு ஆகிய அகமரபுகளைப் பெயருக்கு ஒட்டாமல் அவற்றின் திசையைத் திருப்பிக் காட்டுவதால் இப்படைப்புகள் மரபிற்கும் புதிது சேர்க்கின்றன.

பட்டாசுத் தொழில் வட்டாரத்துப் பெண்களைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை விபத்து, கூலி, குழந்தைத் தொழில் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. அவை இன்றியமையாதவை. அப்பெண்களுக்கு விருப்பம் உண்டு, நினைவு உண்டு, இழந்ததற்குக் கணக்குக் கேட்கும் மனம் உண்டு என்பதையும் ஆய்வுலகம் பதிவுசெய்யவேண்டும். மாரியின் அழுகையைத் தியாகம் என்று புகழ்ந்து கடந்துபோகாமல், அவளிடமிருந்து எடுக்கப்பட்டது எது, எடுத்தவர் யார் என்று கேட்பதே அதற்கான தொடக்கமாகும்.